ஓடைக்கு இந்தப் பக்கம்

சிங்கவரம்,
ஐப்பசி மழை நாள்.

என் வீட்டுக்காரிக்கு,

மகள் வீட்டில் இருக்கிறாய் என்று ரஞ்சனியைக் கூப்பிடாதே, நீயே படி. இது நான் எழுதுவதுதான். கைநாட்டு என்று சிரித்தாயே, இப்போது எனக்கு ‘ழ’ கூட நேராக வருகிறது!

முதியோர் வகுப்பில் எழுதக் கற்றதும், ஓடைமேல் பாலம் கட்ட அனுமதி கேட்டு நானே மனு எழுதினேன். ரஞ்சனி கைக்குழந்தையோடு வந்தால் நம் பனைமரப் பாலத்தில் எப்படி நடப்பாள்? அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். பெருமையோடு அந்தப் பனைமரத்தின் மேலேயே அழைத்து வந்தேன்.

“இத யாரு போட்டது பெரியவரே?”

“நான்தான் சார். ரொம்ப வருஷமா கிடக்குது.”

“ஓடை கவர்மெண்டோடது. பர்மிஷன் இருக்குதா?”

“அதத்தான சார் மனுவுல கேட்டிருக்கேன்!”

அவரே சிரித்துவிட்டார். மறுநாள் ஆட்கள் வந்து பனைமரத்தை இழுத்துப் போனார்கள். புதுப் பாலத்துக்கு உத்தரவு வருமாம். மனு விழுப்புரம் போயிருக்கிறது.

ஓடையில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது, பார்க்க அழகு. அரிசி இருக்கிறது. ஆடு குட்டி போட்டிருக்கிறது. கரண்ட் இல்லாததால் போன்தான் பேசவில்லை. இதைக் கல்லோடு கவரில் கட்டி எறிகிறேன். அக்கரையில் பால்கார ஜமீல் பாய் எடுத்துத் தபாலில் போடுவார். நேற்று எறிந்தது தண்ணீரில் விழுந்துவிட்டது.

பேர் வைக்கும் நாளை எனக்காகத் தள்ளிப் போடாதீர்கள். பேரனுக்கு என்ன பேர் என்று பெரிய எழுத்தில் எழுதி ஜமீல் பாய்க்கு அனுப்பு. அவர் எறிவார். நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடும் உன் வீட்டுக்காரன்