குடிக்காதவனின் ஈரல்

கல்முனை பஸாரில், மருந்துக் கடையில் நின்றேன். கடைக்காரரின் கைதவறி ஒரு போத்தல் தரையில் விழுந்து உடைந்தது. பிசுபிசுத்த இனிப்புப் பாணியின் மணம் மூக்கில் ஏறியது. உன் கட்டில் தலைமாட்டில் இருந்த அதே மருந்து, மச்சான். வாங்க வந்ததை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

உன் வயிறு பெருக்கத் தொடங்கியபோது நான்தான் முதலில் நக்கலடித்தேன். நம் இருவரின் வயலுக்கும் நடுவே கிடந்த வரம்பில் நீ மூச்சு வாங்கி உட்கார்ந்தாய். "என்ன மச்சான், எத்தின மாசம்?" என்றேன். நீயும் சிரித்தாய். பிறகு கால் வீங்கியது, கண் மஞ்சளித்தது. டொக்டர் "சிரோசிஸ்" என்றபோது உன் பக்கத்தில் இருந்தவனும் நான்தான். சீனி வருத்தமும் கொழுப்பும் சேர்ந்து ஈரலைத் தழும்பாக்கி இறுக்கிவிட்டன என்றார். இரத்தம் அதற்குள் புக வழியில்லை. வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் வரம்பை உடைக்குமல்லவா, அதுபோலத்தான் வயிற்றுக்குள் நீர் கசிந்திருந்தது. ஈரல் சுத்தம் செய்யாமல் விட்ட நஞ்சு மூளைக்கும் ஏறுமாம். அதை மலத்தோடு வெளியேற்றத்தான் அந்தப் பாணி. உப்பு, கருவாடு கூடாது, நோன்பும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

நீ பிடிவாதம் பிடித்து என்னையும் ஸ்கான் எடுக்கவைத்தாய். பாண்டிருப்பில் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் நான்; ஒளித்துக் குடிப்பது உனக்கு மட்டுமே தெரியும். என் ஈரலில் ஒரு குறையும் இல்லை. "பாத்தியா மச்சான், குடிச்ச உனக்கு ஒண்டுமில்ல, குடிக்காத எனக்கு வயிறு வீங்கிட்டு" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஈரல் வருத்தம் என்றால் குடிதான் என்று பேசத் தொடங்கினார்கள். நோன்பு பிறந்தது. பள்ளிவாசலுக்குப் போகாவிட்டால் அந்தப் பேச்சு உறுதியாகிவிடும் என்று பயந்தாய். பாணியைக் குடித்தால் அடிக்கடி கக்கூசுக்கு ஓட வேண்டும். நோன்பு இரவுகளில் தொழும் தறாவீஹ் நீண்ட தொழுகை, கைகால் கழுவி எடுத்த ஒழு நடுவில் முறிந்துவிடும். அதனால் யாரிடமும் சொல்லாமல் பாணியை நிறுத்தினாய். பின்னால் ஆஸ்பத்திரியில் நீயே இதைச் சொன்னாய்.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் போன இடத்தில், ஒழு எடுக்கும் தண்ணீர்த் தொட்டியான ஹவுழடியில் தள்ளாடி விழுந்தாய். நாக்குக் குழறியதாம். நோன்பு மாதத்தில், பள்ளிக்குள், ஊரார் முன்னால்! கேள்விப்பட்டு நான் உன் வீட்டுக்கு ஓடி வந்தபோது, உன் மனைவியின் காக்கா, அவள் கூடப்பிறந்த மூத்தவர், உன்னை அறைக்குள் பூட்டிவிட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு கோப்பை தேசிக்காய்ப் புளி.

"வெறி முறியட்டும், பிறகு பாப்பம்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்."

"நோன்புல குடிச்சவனத் தூக்கிட்டுப் போய் ஊர் சிரிக்கணுமா?"

உன் மனைவி என்னிடம் அழுதாள். "அண்ணன், அவருக்கு என்ட பேரே தெரியல்ல."

காக்காவைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன். குனிந்து உன் வாயை மணந்து பார்த்தேன். சாராய மணம் இல்லை, பழம் அழுகியதுபோல் வேறொரு மணம். "காக்கா, இவர் குடிக்கல்ல."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் குடிக்கிறவன். எனக்குத் தெரியாதா?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஓட்டோவைக் கூப்பிட ஓடினார்.

ஆஸ்பத்திரியில் அதே பாணியைக் கொடுத்து உன்னைத் தெளியவைத்தார்கள். தெளிந்ததும் என்னை ஏசினாய். "நீ குடிக்கிறதக் காக்காட்டச் செல்லிட்டியாமே. விசரா உனக்கு? இனி வாயத் திறக்காத. கோயில் பொறுப்பு போயிரும்." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உன் மானம் சந்தி சிரிக்கிறது, நீ என் மானத்துக்குக் காவல் நிற்கிறாய்! ஆனாலும் தலையாட்டினேன்.

பெருநாள் கழிந்த கிழமை இரத்தமாக வாந்தி எடுத்தாய். ஈரலுக்குள் போக முடியாத இரத்தம் உணவுக் குழாய் நாளங்களில் தேங்கிப் புடைத்து வெடித்துவிட்டது என்றார்கள். நீ பிழைக்கவில்லை.

மையித்து வீட்டு வாசலில் கதிரை போட்டிருந்தார்கள். என் ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். பின்னால் ஒரு குரல், "என்ன செய்ற, குடிச்சா ஈரல் தாங்குமா?"

எழுந்து நின்றேன்.

"குடிக்கிறவன் நான். என்ட ஈரல் நல்லா இருக்கு. இவர் ஒரு சொட்டும் தொட்டவரில்ல. பள்ளியில விழுந்தது வெறியில இல்ல. உங்கட வாய்க்குப் பயந்து மருந்த நிப்பாட்டினவர், அதால விழுந்தவர்."

காக்கா வந்து என் கையைப் பிடித்தார். உன்னைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கும் நேரம், முன்பக்கத்தில் தன் இடத்தை எனக்கு விட்டுத் தள்ளி நின்றார்.

நீ சொன்னபடியே கோயில் பொறுப்பு போயிற்று. போகட்டும். அந்தச் சந்தூக்கின் கனம் என் தோளுக்கு இன்னும் தெரிகிறது, மச்சான். ஊர் நன்றாகப் பார்க்கட்டும் என்று மெதுவாகவே நடந்தேன். குடிக்காத உன்னைக் குடிகாரன் நான் சுமந்துகொண்டு.