கடை வாசலில் ஓர் ஆவுளியா

அன்பு வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் மலேசியா பிரிஞ்சாங்கிலிருந்து தவ்ஃபீக்கின் சலாம். நான் சுகம். உம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

கடலே தெரியாத இந்த மலையில், அழிந்துவரும் கடலுயிர்களைக் காக்கச் சொல்லித் தெருநெடுக வண்ணச் சிலைகள் வைத்திருக்கிறார்கள். எங்கள் சாப்பாட்டுக்கடை வாசலில் ஆவுளியா. உங்கள் வலையில் சிக்கியபோது வலையையே அறுத்து விடுவித்தீர்களே, அதே கடல்பசுதான். தேயிலைத் தோட்டம் பார்க்க வருகிறவர்கள் அதைக் கட்டிப்பிடித்துப் படமெடுக்கிறார்கள்.

போன வாரம் அதன் முதுகில் ஏறி மழைப்பாசியைத் துடைக்கையில் வழுக்கி விழுந்துவிட்டேன். முதலாளி நூர்தீன் ஓடி வந்தார்.

"சிலைக்கு ஒண்ணும் ஆகலையே லா?"

பிறகுதான் என்னைப் பார்த்தார். "என்னடா படுத்துக் கெடக்கே? ஆளு வந்துட்டாங்க, எந்திரி!"

சிலையடியில் எழுதியிருந்ததைப் படித்து ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைத் தாண்டித்தான் நடந்து போனாள்.

பெரிதாக ஒன்றுமில்லை. ஊரிலிருந்து யாராவது வந்தால், வலிக்கு உம்மா காய்ச்சும் எண்ணெயும் கொஞ்சம் கருவாடும் கொடுத்தனுப்புங்கள். கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். வலது கைக் கட்டைப் பிரிக்கும்வரை அறையில் கூட இருக்கும் யாசீன்தான் எழுதித் தருவான். இடது கையால் தட்டெடுக்கப் பழகிவிட்டேன். முதலாளி கூப்பிடுகிறார், போகிறேன்.

உங்கள் மகன்,
தவ்ஃபீக்