பிறைச் சாட்சியும் இன்ஸாபின் நாணயமும்

கல்முனைக்குடி

அன்பு மகன் இன்ஸாபுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் இருமலைத் தவிர இங்கே எல்லாருக்கும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். நோர்வேக் குளிரில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். மகன், உன் உம்மா ஜெயித்துவிட்டாள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ இடையில் சிரித்துக் கெடுத்துவிடுவாய்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு ஸம்றாவின் வாப்பா மீராசா, நிச்சயத்துக்கு நாம் போட்ட மோதிரத்தின் பெட்டியோடு வந்து நின்றார். நீயும் கூட்டாளிகளும் நடத்துகிற அந்தச் சின்ன கிரிப்டோ நாணயத்துக்குக் கணினி ஓட்டுகிற ஆட்கள் குறைந்துபோய், யாரோ புகுந்து பொய்க் கணக்கு எழுதிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டாராம், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. அது பழைய கதை, பிட்காயினுக்கு ஓடுகிற பெரிய இயந்திரங்கள் செய்யும் அதே வேலையைத் தங்கள் நாணயத்துக்கும் காவலாக என் மகன் சேர்த்துவிட்டான், இனிப் பொய்க்காரன் லேசில் கிட்ட வர ஏலாது என்றேன். அவரோ, “ஒரு வேலைய ரெண்டு எடத்துல காட்டுறது களவில்லியா?” என்று கேட்டார். அவர் வயல்பக்கத்துச் சின்னப் பள்ளிவாசலை நடத்துகிற மரைக்கார் அல்லவா, அங்கேயே பிடித்தேன். “மச்சான், பிறை பார்க்க ஆள் குறைஞ்ச வருஷம் மேகத்திட விளிம்பப் பிறையெண்டு நம்பி ஒரு நோன்ப விட்டீங்க. பிறகு கடக்கரையில பிறை கண்ட எங்கட பள்ளி ஆக்கள்ற சாட்சிய எடுத்துத்தானே பெருநாள் கொண்டாடுறீங்க? ஒருக்காப் பார்த்த பிறை ரெண்டு பள்ளிக்கும் செல்லல்லியா? பார்த்தவன்ட கண் தேஞ்சா போச்சு?” என்றேன். மூலையில் இருந்த உன் வாப்பா இருமலை மறந்து சிரித்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு மீராசா பெட்டியைத் தன் பொக்கெட்டிலேயே போட்டுக்கொண்டு, ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நிக்காஹ் வைக்கலாம் என்று தானே சொல்லிப் போனார்.

மகன், குளிருக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி, சுபஹ் தொழுகையைத் தவற விடாதே, லீவை இப்போதே எழுதிக் கொடு. அல்லாஹ் உன் கைக்கும் மூளைக்கும் பரக்கத் செய்வான். ஒன்று சொல்ல மறந்தேன், அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஸம்றா போன் எடுத்தாள். “மாமி, வாப்பா கொண்டு வந்தது வெறும் பெட்டி. மோதிரம் என்ட விரல்லதான் இரிக்கி, நான் கழட்டவே இல்ல” என்றாள்.

உன் வரவு பார்த்திருக்கும்
உம்மா றுகையா