சந்துரு வாசிப்பதை நிறுத்திய பிறகு

அக்கா,

இன்று காலை பையைத் துழாவியபோது அந்த மஞ்சள் காதடைப்பான் கையில் தட்டுப்பட்டது. கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுபவர்கள் சத்தத்துக்குத் தலைமேல் மாட்டிக்கொள்வது. பஸ் ஹாரன் சந்துருவுக்கு ஆகாது என்று உங்கள் வீட்டுக்காரர் கொண்டுவந்தது. மகனுக்கு மாட்டுமுன் நீங்கள் மாட்டிப் பார்ப்பீர்கள். இன்னும் உங்கள் தலையெண்ணெய் வாசனை அதில் இருக்கிறது.

பிள்ளைகளை ஓசூர்ப் பயிற்சி மையத்துக்குக் கூட்டிப் போகும் பஸ்ஸில்தான் பழகினோம். போச்சம்பள்ளியிலிருந்து வரும் நீங்கள் குருபரப்பள்ளியில் ஏறும் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பீர்கள். சந்துரு தமிழ், கன்னடம், தெலுங்கு என்று எந்தப் பலகையையும் உரக்க வாசிப்பான். பசிக்கிறது என்று சொல்லத் தெரியாது. என் மலருக்கு ஒரு சொல்லும் கிடையாது. தானே குளிப்பாள், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பாள். இருவருக்கும் ஆட்டிசம்தான் என்றால் நம் வீடுகளில் யாரும் நம்பவில்லை. "எம்பேரன் நல்லாத்தான பேசறான்" என்பார் உங்கள் மாமியார்.

"ஒண்ணு மாதிரி ஒண்ணு வளராதும்மா. வந்ததுகூடச் சிலதுக்குப் போயிடும்" என்றார் பயிற்சி தரும் அம்மா. திரும்பும் வழியெல்லாம் என் கையை விடவில்லை நீங்கள். "அவன் பேச்சும் போச்சுன்னா எங்கிட்ட இன்னாடி மிச்சம்?" என்றீர்கள்.

புற்றுநோய் உங்களை அதிக நாள் விட்டுவைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், "அவன எங்கியும் வுட்றாத சுமதி" என்றீர்கள். சரிக்கா என்றேன்.

நீங்கள் போனபின் சந்துரு பலகைகளை ஒவ்வொன்றாக விட்டான். பிறகு எதையுமே வாசிக்கவில்லை. இப்போது கையைக் கடித்துக்கொள்கிறான். உங்கள் வீட்டுக்காரர் அவனை விடுதியில் சேர்க்க அலைந்தார்.

"ஷிப்டுக்குப் போவலன்னா வேல போயிடும்மா. நான் இன்னா பண்ணட்டும்?"

"பகல்ல எங்கிட்ட வுடுங்கண்ணா" என்றேன்.

மலர் வயதுக்கு வந்ததிலிருந்து அவளுக்கு வலிப்பு வருகிறது, அக்கா. சாப்பிட்ட தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். கழுவ மறந்துவிட்டாள். இதைச் சொல்லி அழ எனக்கு யாரும் இல்லை.

சூளகிரி பக்கம் புதிதாக ஒரு பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். "சந்துரு, அது இன்னா எழுதியிருக்குது?" என்று இன்று காட்டினேன். அவன் என் விரலை மட்டும் பார்த்தான்.

உட்கார இடம் கிடைக்கவில்லை. ஒரு கையில் அவன், ஒரு கையில் இவள். பஸ் வளைவில் திரும்பும்போது கம்பியைப் பிடிக்க எனக்குக் கை இல்லை, அக்கா.