அக்காவின் வலது காது

ஜனவரி 9, வெள்ளி

கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டேன். கடைசியாக வந்த பெரியவருக்கு மூக்குக்கண்ணாடியின் காலை வளைத்துக் கொடுக்கும்போதே மனசு கடலில் இருந்தது. கொஞ்சம் அதிகமாக வளைத்துவிட்டேன் போல. மனிதர் காதைத் தடவிக்கொண்டே போனார்.

அக்காவைச் சம்மதிக்க வைத்ததே பெரிய பாடு. முதுகில் காற்று உருளையோடு முழுகுகிற ஸ்கூபாவைக் கற்றுக்கொள்ள நீச்சல்குளத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு போனதும் நான்தான், தீவுக்குப் போகலாம் என்று உயிரை எடுத்ததும் நான்தான். கப்பலிலேயே தங்கி டைவ் அடிக்கிற பயணம்தான் எனக்கு ஆசை. ஊஞ்சலில் உட்கார்ந்தாலே அவளுக்கு வாந்தி வரும். "பகல்ல எத்தனை தடவை வேணா குதிக்கறேன். ராத்திரி என் கட்டில் ஆடக்கூடாது" என்று ஒரே நிபந்தனை. சரி தாயே என்று தரையில் தங்குகிற பயணமாகப் போட்டேன். மூன்று தீவு. ராத்திரி அறையில் தூக்கம், காலையில் படகில் போய் டைவ், ஒரு தீவு முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த தீவுக்கு.

மாமா ஸ்டேஷன் வரை வந்து, "என் பொண்டாட்டியை முழுசாக் கொண்டுவந்து சேர்த்துடு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

ஜனவரி 12, திங்கள்

முதல் தீவு. அறையில் இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி, வராந்தாக் கம்பியில் சொட்டச் சொட்ட எங்கள் ரப்பர் உடைகள். அக்கா கட்டிலை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. திருப்தி.

எங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு நான் வைத்த பெயர் மீசை. மீசை வைத்திருந்தால் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் கசியும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான். தன் மீசையை மட்டும் விடமாட்டாராம்.

தண்ணீருக்குள் ஜோடி ஜோடியாகத்தான் போக வேண்டும். "யார் எந்தப் பக்கம்னு இப்பவே முடிவு பண்ணிடுங்க. அப்புறம் மாத்தாதீங்க. திரும்பினா ஆள் அங்க இருக்கணும்" என்றார். நான் வலப்பக்கம், அக்கா இடப்பக்கம். கீழே வாய் பேச முடியாது, எல்லாம் கைதான். கட்டைவிரலைக் கீழே காட்டினால் இறங்கு, மேலே காட்டினால் ஏறு. காதைத் தொட்டு உள்ளங்கையை ஆட்டினால் காதில் கோளாறு. அதைப் பார்த்தால் ஜோடி நின்றுவிட வேண்டும், ஒரு சாண்கூட இறங்கக் கூடாது.

அக்கா இரண்டாவது தடவை செய்து காட்டச் சொல்லிக் கேட்டாள். ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை பார்க்கிறவள் வேறு எப்படி இருப்பாள்? கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த நாற்காலி, வலது காதில் ஹெட்செட், "பதறாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்." வீட்டில் பால் பொங்கினாலும் அதையேதான் சொல்லுவாள்.

ஜனவரி 13, செவ்வாய்

சொர்க்கம்! கை வலிக்கிறது, உதடெல்லாம் உப்பு, அக்கா குழந்தை மாதிரி சிரிக்கிறாள்.

ஜனவரி 15, வியாழன்

இரண்டாவது தீவுக்கு வந்துவிட்டோம். படகில் ஏசியை அள்ளி இறைத்துவிட்டார்கள். அக்காவுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. "நாளைக்கு நான் மேலயே இருக்கேன், நீ போய்ட்டு வா" என்கிறாள். ஜோடி இல்லாமல் எப்படிப் போவது? அதுவும் நாளைக்குப் பார்த்து. திருக்கை மீன்கள் வருகிற பாறைக்கு நாளைக்குத்தான் போகிறோம். சளி மாத்திரை என் பையில் இருக்கிறது. காலையில் ஒன்று போட்டால் மூக்கு திறந்துவிடும்.

ஜனவரி 16, வெள்ளி

அக்காவுக்குக் காதில் ரத்தம். தூங்குகிறாள்.

நான் பார்க்கலைன்னு சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜனவரி 17, சனி

உட்கார்ந்து ஒழுங்காக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நானே நம்ப ஆரம்பித்துவிடுவேன்.

படகில் மீசை கேட்டார், "சளி, மூக்கடைப்பு யாருக்காவது இருக்கா? இருந்தா இறங்கக் கூடாது, கீழ அழுத்தத்துல காது தாங்காது." அக்கா வாயைத் திறப்பதற்குள் நான், "எங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றேன். மாத்திரையும் அப்போது வேலை செய்துகொண்டிருந்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

இறங்கினோம். பாதி வழியில் கீழே பார்த்தேன், பாறைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நிழல் திரும்புகிறது. திருக்கை! ஒரு பாய் அகலம் இருக்கும். திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவள் காதைத் தொட்டாள். உள்ளங்கையை ஆட்டினாள். மறுபடியும் தொட்டாள், மறுபடியும் ஆட்டினாள். மீசை சொல்லிக் கொடுத்தது போலவே, அவ்வளவு தெளிவாக.

நான் கட்டைவிரலைக் கீழே காட்டினேன்.

வா, ஒன்றுமில்லை, வா. கையைப் பிடித்து இழுக்கவில்லை, அது ஒன்றுதான் பாக்கி. அவள் என்னை நம்பி இறங்கினாள். காலை நாலு தடவை உதைப்பதற்குள் தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். மீசை எங்கிருந்தோ பாய்ந்து வந்து அவளை அணைத்து மெதுவாக மேலே கொண்டுபோனார். நான் பின்னாலேயே போனேன்.

படகில் காதிலிருந்து கழுத்துக்கு ரத்தம் ஒழுகுகிறது. நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டு அக்கா சொல்கிறாள், "பதறாதே, நான் இங்கதானே இருக்கேன்." அடிபட்டவள் அவள்!

மீசை கத்தினார், "வலிச்சா ஜோடிக்குக் காட்டணும்னு சொன்னேனா இல்லையா? காட்டினாங்களா?" என்னைத்தான் கேட்டார். ஊருக்கெல்லாம் கண் பார்த்துக் கண்ணாடி போடுகிறவள் சொன்னேன், "நான் பார்க்கலை."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "காட்டினேன்னுதான் நெனச்சேன்" என்றாள். "காட்டலையோ என்னவோ." அவ்வளவுதான். மீசை அதற்கப்புறம் அவளைத்தான் திட்டினார், என்னை இல்லை. நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறது. செவிப்பறை கிழிந்திருக்கிறது, உள் காதிலும் அடியாம். தண்ணீரும் ஆகாது, விமானமும் ஆகாது. ஊர் திரும்பும் பெரிய கப்பல் மூன்றாவது தீவிலிருந்துதான் கிளம்புகிறது. அதுவரை தலையை ஆட்டாமல் படுத்திருக்க வேண்டும்.

ஜனவரி 19, திங்கள்

மூன்றாவது தீவு. கப்பல் நாளைக்கு.

அக்கா வராந்தாவில் சாய்வு நாற்காலியில். காதுக்குள் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுகிற மாதிரி இருக்கிறதாம், நிறுத்தவே மாட்டேன் என்கிறார்களாம். நான் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், "நீ ஏன்டி இழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி உட்கார்ந்திருக்கே? போய் முழுகிட்டு வா. எனக்கும் சேர்த்துப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்றாள். மாட்டேன் என்றேன். விரட்டினாள்.

போனேன். போயிருக்கக் கூடாது, போனேன். யாரோ முன்பின் தெரியாத ஒரு பெண் எனக்கு ஜோடி.

திருக்கை வந்தது. தலைக்கு மேலேயே, வயிற்றின் வெள்ளை தெரிய, இரண்டு தடவை. சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு அக்கா ஞாபகமே இல்லை. சே, என்ன ஜென்மம் நான்.

திரும்பி வந்ததும் கேட்டாள். "ஒண்ணும் வரலைக்கா" என்றேன். இன்னொரு பொய். "அடப்பாவமே" என்று எனக்காக வருத்தப்பட்டாள்.

ஜனவரி 21, புதன்

ராத்திரி முழுக்கக் கப்பலில் அக்காவின் கட்டில் ஆடியது. நான் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

காது மூக்கு தொண்டை டாக்டர். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் வெளியே. இடது காதுக்கு விரல் டக் டக்கென்று அமுக்கியது. வலது காதுக்கு மாற்றினார்கள். விரல் பொத்தான் மேலேயே இருந்தது. அவள் முகம் இன்னும் உன்னிப்பாகிக்கொண்டே போனது, விரல் அசையவில்லை.

செவிப்பறை ஆறிவிட்டதாம். உள் காது திரும்பாதாம்.

பிப்ரவரி 11, புதன்

மாமா கடைக்கு வந்தார். லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிற வேலையாக இந்தப் பக்கம் வந்தாராம். கண்ணாடியைத் துடைத்துத் தரச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதில்லாத கண்ணோடு சுவரைப் பார்த்துப் பேசினார்.

"ஆபீஸ்ல ரொம்ப நல்லவங்க. ஹெட்செட்டை இடது காதுல மாட்டிக்கோங்க, இன்னொரு காது நல்லா இருக்கே, போதும்ங்கறாங்க. இவதான் மாட்டேங்கறா. பழைய ஃபைல் பார்க்கற ரூமுக்கு மாத்திக் குடுங்கன்னு தானே கேட்டு வாங்கிட்டா."

"ஏன் மாமா?"

"தண்ணிக்குள்ள தனக்கே என்ன பண்றதுன்னு தெரியலையாம். கையைக் காட்டினதா நெனச்சாளாம், காட்டவே இல்லையாம். அப்படி ஒருத்தி, மூச்சுப் பேச்சில்லாம கிடக்கற புள்ளைக்கு என்ன பண்ணணும்னு ஒரு தாய்க்கு எப்படிச் சொல்றதுன்னு கேக்கறா. நான் என்னத்தைச் சொல்ல? நானும் அன்னைக்குத் திட்டிட்டேன், வலிச்சா காட்ட வேண்டியதுதானேன்னு."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

காதுதான் போனது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது மட்டுமா? அவளுக்கு அவள் மேலேயே நம்பிக்கை போச்சே. அது கடல் பண்ணினதில்லை, நான் பண்ணினது. ஒரு வார்த்தையில பண்ணினது.

பிப்ரவரி 12, வியாழன்

சொன்னால் என் முகத்தில் விழிக்க மாட்டாள். சொல்லாவிட்டால் அந்த ஃபைல் அறையிலேயே கிடப்பாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேவலம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் நின்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். நீ காட்டினேக்கா, நான் பார்த்தேன், பார்த்துட்டுத்தான் கீழே வான்னு காட்டினேன், பார்க்கலைன்னு சொன்னது பொய். சொல்லி முடித்துவிட்டு அடி விழப்போகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால் தலையணை உறையை மடித்துக்கொண்டிருக்கிறாள். பழக்கதோஷத்தில் அவளுக்கு வலப்பக்கம் நின்றிருக்கிறேன்.

அப்படியே ஓடிப்போய்விடலாமா என்று ஒரு நொடி தோன்றியது, உண்மையைச் சொல்கிறேன். பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போய் நின்று, மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கை நின்றது. "இன்னொரு தடவை சொல்லு."

"நீ காட்டினேக்கா. ரெண்டு தடவை. சரியாத்தான் காட்டினே."

"நீ பார்த்தே."

"பார்த்தேன்."

"அப்புறம் ஏன்டி கீழே வரச் சொன்னே?"

"திருக்கை வந்துடுச்சுக்கா."

உட்கார்ந்துவிட்டாள். சத்தமே இல்லாமல்தான் ஆரம்பித்தாள். "காதுக்காக நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன். மாத்திரையைப் போட்டுக்கிட்டு நானும்தானே வாயை மூடிட்டு இறங்கினேன். ஆனா அந்த ஆள் கேட்டப்போ நீ சொன்னே பாரு... கை காட்டினது எனக்கு ஞாபகம் இருக்குடி! என் கையே கண்ணுக்குள்ள நிக்குது! நீ இல்லேன்னதும், உன்னை நம்பிட்டு என்னை நம்பாமப் போனேன். எனக்குப் புத்தி பிசகிடுச்சோன்னு தினம் தினம்..." அப்புறம் கத்தினாள். மாமா உள்ளேயிருந்து ஓடி வந்தார். அக்கா கத்தி நான் கேட்டதே இல்லை.

"போ. என் கண்ணு முன்னாடி நிக்காதே."

வந்துவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

போனை எடுக்கவில்லை. நேரில் போனேன். மாமா கதவைத் திறந்துவிட்டு, நீயாச்சு உன் அக்காவாச்சு என்று மாடிக்குப் போய்விட்டார்.

அக்கா சாப்பாட்டு மேஜையில். இடப்பக்க நாற்காலியில் உட்காரப் போனேன். "அங்கே வேண்டாம்" என்று வலப்பக்க நாற்காலியைக் காட்டினாள். "அங்க உட்கார்ந்து எவ்வளவு வேணா பேசு. எனக்குக் கேக்காது."

உட்கார்ந்தேன். பேசவும் பேசினேன். அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள். மூன்றாவது தீவில் திருக்கை வந்தது, நான் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை என்றதும் பொய்தான் என்பதைக்கூடச் சொன்னேன். கேட்டதோ கேட்கவில்லையோ, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

மறுபடியும் வலப்பக்க நாற்காலி. ஆனால் என் தட்டும் வைத்திருந்தாள்.

மார்ச் 27, வெள்ளி

நேற்று மாமா போன் செய்து, "உங்க அக்கா நாளைக்குப் பழைய நாற்காலிக்குப் போறா, உங்கிட்ட சொன்னேன்னு சொல்லிடாதே" என்றார்.

கடையைச் சாத்திவிட்டு, வேலை முடிகிற நேரத்துக்கு மையத்தின் வாசலில் போய் நின்றேன். வெளியே வந்தாள். இடது காதைச் சுற்றி ஹெட்செட் அழுத்தின சிவப்புத் தடம். என்னைப் பார்த்தாள், நிற்கவில்லை, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். நானும் கூடவே நடந்தேன். முதல் அழைப்பு எப்படி இருந்தது, கை நடுங்கியதா, யார் பேசினார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. சரி, அவள்தான் பேசமாட்டாள், நாமாவது பேசுவோம் என்று கடைக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மருந்துக்கடை தாண்டியதும் நின்றாள்.

"எப்ப இருந்து பேசிட்டு வர்றே?"

"கேட்ல இருந்து."

"ஒண்ணும் காதுல விழல."

முழங்கையைப் பிடித்து, தன் முதுகுக்குப் பின்னால் சுற்ற வைத்து, என்னை இடப்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினாள். பக்கம் மாற்றக் கூடாது என்று மீசை சொன்னாரே என்றேன், வேறென்ன சொல்வது என்று தெரியாமல்.

"மீசை கிடக்கட்டும். இனிமே நீ இந்தப் பக்கம்தான். இப்பச் சொல்லு."

என்ன சொல்லிக்கொண்டு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. காலையில் ஒருவர் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே கடை முழுக்கத் தேடியதைச் சொன்னேன். பஸ் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.