எரிந்த பேக்கரிக்குப் பின்னால்

கார்த்திகை 4, புதன்

காலை முதல் மழை. உள்துறைமுகம் கண்ணுக்கே தெரியவில்லை. உடுப்பு எதுவும் காயாது. வாங்க: மண்ணெண்ணெய், இவருக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசை. கூரைத் தகரத்தில் ஓட்டை, ஆள் பிடிக்க வேண்டும்.

நேற்று கிளினிக். டொக்டர் இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "அம்மா, அடுத்த முறை நெஞ்சு நொந்தால், குறையட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. உடனே அம்புலன்சுக்கு டெலிபோன் அடியுங்கோ." ஓம் என்றேன்.

பஸ்சில் இவர் கேட்டார், என்னவாம் என்று. உப்பைக் குறைக்கட்டாம் என்றேன். காலம் முழுக்கத் துறைமுக ஸ்டோர்சில் கணக்குப் பார்த்த மனிசன், லேசில் நம்பாது. பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்ல?

கார்த்திகை 6, வெள்ளி

முன்வீட்டு நசீராவின் மாமனாருக்கு மூச்சு இழுப்பு. ஒழுங்கையில் டெலிபோன் எங்கள் வீட்டில் மட்டும். ஈரத் தலையோடு ஓடி வந்தாள். நான் நம்பர் சுழற்ற, அவள் அழுதழுது கதைத்தாள். "ஓர்ஸ் ஹில்லுங்க, எரிஞ்ச பேக்கரிக்குப் பின்னால, வேம்படி ஒழுங்கை."

அம்புலன்ஸ் வரவேயில்லை. காத்திருந்து, கடைசியில் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிழவர் தப்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் நசீராவுக்கு நல்ல ஏச்சு. அம்புலன்ஸ் சாரதி புதிது, மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பொடியன். எங்கள் ஒழுங்கையைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறான். பேக்கரியைத் தேடினானாம்.

பேக்கரி எங்கே இருக்கிறது? எரிந்து, இடித்து, இப்போது எருக்கலை முளைத்த வெறும் வளவு. வேம்பையும் ஆமி தறித்துப்போட்டது, சென்றிக் காவலரணில் நிற்பவர்களுக்கு மறைக்கிறதாம். எல்லாரும் இல்லாததைக் காட்டித்தான் வழி சொல்கிறோம். தபால்பெட்டி நின்ற இடம், படம் ஓடின கொட்டகை, கனடா போனவர்களின் வீடு. இங்கே பிறந்தவனுக்கு விளங்கும். மாத்தறைக்காரன் என்ன செய்வான், பாவம்.

இவரிடம் சொன்னேன். சிரிப்பு. "ஊரில அசையாமல் இருக்கிறது சென்றி ஒண்டுதான். அதைச் சொல்லும்." பகிடிதான், ஆனால் சரி.

கார்த்திகை 7, சனி

மழை விட்டது. சந்தி வரை போய், இந்த ஊரே தெரியாதவள் மாதிரித் திரும்பி நடந்து வந்தேன். இப்போது கண்ணுக்குத் தெரிவது மட்டும். மண்மூட்டை அடுக்கின சென்றி. அதைத் தாண்டினால் இடப்பக்கம் பச்சைத் தண்ணீர்த் தாங்கி. அதை ஒட்டின ஒழுங்கை. உள்ளே நீலக் கேற், எங்கள் வீடு.

சென்றியில் துவக்கோடு நின்ற ஆமிக்காரன் மறித்தான். "என்ன பாக்கிறது?" என் வீட்டை என்றேன். அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டான். மீன்காரர் வரவில்லை. பருப்புத்தான்.

கார்த்திகை 8, ஞாயிறு

டெலிபோனில் வழி சொல்வதை நசீரா சிங்களத்திலும் சொல்லித் தந்தாள். யார் எடுப்பார்களோ தெரியாதே. முதலில் இடம். பிறகு என்ன வருத்தம், எங்கே நோகிறது. பிறகு ஆள், வயது, அறிவு இருக்கிறதா மயக்கமா. அவர்கள் வைக்கும்வரை நாங்கள் வைக்கக் கூடாது. "அழக்கூடாது அக்கா. அண்டைக்கு நான் அழுததுல அவங்களுக்கு ஒண்டுமே விளங்கல்ல."

பின்னேரம் ஒத்திகை. இவர் கதிரையில் இருந்து, சீப்பைக் காதில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி.

"ஹலோ. நோயாளி எப்பிடிப்பட்ட ஆள்?"

"பிடிவாதக்காரன். ஒளிச்சிருந்து சுருட்டுக் குடிக்கிறவர்."

"அப்ப வாகனம் அனுப்ப ஏலாது."

வயிறு நோகச் சிரித்தோம். பிறகு இவர் சீப்பைக் கீழே வைத்தார். "டொக்டர் உப்பை மட்டுந்தானோ சொன்னவர்?"

நான் சீப்பை எடுத்துத் திரும்ப இவர் கையில் வைத்தேன். காதில் வைத்துக்கொண்டார். "சரி, முதலில இருந்து திரும்பச் சொல்லும்." சொன்னேன். பிழை இல்லையாம்.

கார்த்திகை 11, புதன்

எழுத ஏலாது. எழுதாமலும் ஏலாது.

மத்தியானம் துறைமுகப் பக்கம் பெரிய வெடி. யன்னல் கண்ணாடி கொட்டுண்டது. உடனே ஊரடங்கு, ஜீப்பில் சொல்லிக்கொண்டு போனார்கள். சோறு அடுப்பில்.

கொஞ்சத்தில் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். வேர்வை. குளிசை வைத்தேன். டெலிபோனுக்கு ஓடினேன். அடித்தேன். சென்றி, தாங்கி, ஒழுங்கை, நீலக் கேற், எல்லாம் சொன்னேன். அழவில்லை. அந்தப் பக்கம் ஒரு தமிழ்ப் பிள்ளையின் குரல். "நல்லா விளங்குது அம்மா. ஆனா வாகனமெல்லாம் துறைமுகத்துக்குப் போயிட்டுது. திரும்பின உடன அனுப்புறன்." அவள் வைத்த பிறகுதான் வைத்தேன்.

நசீராவின் புருஷன் வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சென்றிக்குப் போனார், ஓட்டோ எடுக்க விடச் சொல்லி. துவக்கை நீட்டித் திருப்பிவிட்டார்கள். மறுபடி அடித்தேன். லைன் இல்லை.

"வருகினமாமோ?" இவர்.

"ஓம், வருகினம்."

"வழி சரியாச் சொன்னனீரோ?"

"சொன்னனான்."

"கெட்டிக்காரி."

இருட்டுப்பட முன் போய்விட்டார். தோப்பூரில் இருக்கும் என் தம்பிக்கு அறிவிக்க வழி இல்லை.

கார்த்திகை 12, வியாழன்

தூறல். ஊரடங்கு எடுக்கவில்லை. நசீரா ராவிலிருந்து என் பக்கத்திலேயே இருக்கிறாள்.

விடிந்து கொஞ்சத்தில் அம்புலன்ஸ், நேரே நீலக் கேற்றில் வந்து நின்றது. அந்த மாத்தறைப் பொடியன். ஏச என்றுதான் எழும்பிப் போனேன். சட்டை முழுக்க ஆருடையதோ இரத்தம், கண் இரண்டும் வீங்கிப்போய். கேற்றைத் திறந்துவிட்டேன்.

"வழி நல்லா சொன்னது அம்மா," என்றான், தெரிந்த தமிழில். "ஒருத்தர்கிட்டயும் கேக்க இல்ல, நேரா வந்தது. நோயாளி எங்க?"

அவர்கள் கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும் மறுமொழி பாடமாக்கி வைத்திருந்தேன். இதற்கு இல்லை. நசீராதான் சிங்களத்தில் சொன்னாள்.