கொடுத்த கை

3 பிப்ரவரி 1961, வெள்ளி

எழுந்ததும் முதல் வேலையாகக் கோமளாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். கண்ணில் சீயக்காய் பட்டுவிட்டதென்று கத்தித் தெருவையே கூட்டினாள். அடுத்த மாதம் நாலு வயது முடிகிறது.

அவளைச் சமையல்கார வரலட்சுமியிடம் விட்டுவிட்டு சூலூர் போனேன். என் கல்லூரித் தோழி வெங்கடலட்சுமி இன்று ஒரு பெண் குழந்தையைச் சுவீகாரம் எடுத்தாள். எங்களுக்குக் கோமளாவைச் சுவீகாரம் முடித்துக் கொடுத்த வக்கீல் குமாஸ்தா ஈஸ்வரமூர்த்தியின் ஏற்பாடுதான் அவளுக்கும்.

பெற்றவளே வந்து ‘கொடுத்தேன்’ என்று சொல்லிக் குழந்தையை மடியில் வைக்க வேண்டும். வந்தாள். இடது காது மடல் கிழிந்து தைத்த தழும்பு. நாலு வருஷத்துக்கு முன்னால் கோமளாவை என் மடியில் வைத்ததும் இவள்தான். அன்று பல்லடத்து விதவை சுப்பாத்தாள். இன்று தாராபுரத்து விதவை மாராத்தாள்.

புரோகிதர் சொல்லுமுன்பே மஞ்சள் நீருக்குக் கையை நீட்டினாள். பழகிய கை.

பிறகு என்னைப் பார்த்தாள். முந்தானையைக் காதுவரை இழுத்துக்கொண்டாள்.

4 பிப்ரவரி

தவறாகப் பார்த்திருக்கலாம். — இல்லை. அவள்தான்.

7 பிப்ரவரி, செவ்வாய்

வரலட்சுமி நாலு பெற்றவள். பேச்சோடு பேச்சாக, கோமளாவை என் மடியில் வைத்த நாளைப் பற்றிக் கேட்டேன். மாவாட்டுவதை நிறுத்தவில்லை.

“அன்னிக்கே சொன்னனுங்களே அம்மா. புள்ள அந்தக் கத்துக் கத்துச்சு, பெத்து இருவது நாளானவளுக்கு ரவிக்கை நனையலீங்களேன்னு. நீங்கதான் வாய மூடுன்னு போட்டீங்க.”

சொன்னேன். ஞாபகம் இருக்கிறது. பெறாதவளுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும் என்று இப்போது எழுதிக்கொள்ளலாம். தெரிந்திருந்தால் மட்டும்? அதற்குள் குழந்தை என் விரலைப் பிடித்திருந்தது.

10 பிப்ரவரி, வெள்ளி

அவரிடம் கேட்டேவிட்டேன். வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. எனக்கு எழுத வருவது தமிழ். அவர் சொன்னதைத் தமிழில் எழுதும்போது இன்னும் பயமாக இருக்கிறது.

“அநாதைக் குழந்தையைச் சட்டப்படி எடுக்க முடியாது. கொடுக்க அப்பனோ அம்மாவோ வேணும். ஈஸ்வரமூர்த்தி ஒருத்தியைக் கூட்டிவந்தான். அவ்வளவுதான்.”

அப்படியானால் இவருக்குத் தெரியும். நாலு வருஷமாக, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு.

“அநாதை என்று யார் சொன்னது?” என்றேன். “அவன்தான்” என்றார். பிறகு, “தோண்டாதே. தோண்டினால் குழந்தை நம் கையில் இருக்காது.”

பதிவான சுவீகாரப் பத்திரம் பொய். அப்படியானால் நான் அவளுக்கு யார்? யாராவது வாசலில் வந்து கேட்டால் எதைக் காட்டுவேன்? இன்று இரண்டு முறை கேட்டைப் பூட்டினேன்.

16 பிப்ரவரி, வியாழன்

அவள் வந்தாள். நடுப்பகலில், பின்பக்கக் கதவுக்கு.

“ஏனுங்கம்மா, சூலூர்ல என்னையப் பாத்துப்போட்டீங்க. போலீசுக்குச் சொல்லிப்போடாதீங்க. இதோட மூணு தடவ எம் புருசன் செத்துப்போயிட்டாருங்க. அந்த மனுசன் ஊட்டுல கட்டில்ல ஒக்காந்து பீடி குடிச்சுட்டு இருக்கறாரு.”

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. என்ன பிறவி நான்.

யார் குழந்தை என்று சொன்னால் யாரிடமும் போகமாட்டேன் என்றேன். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“அநாதை இல்லீங்க. சிங்காநல்லூர்ல மில்லுக்குப் போற அருள்செல்விங்கற புள்ள பெத்தது. புருசன் உட்டுட்டுப் போயிட்டான். பிரசவம் பாத்த நர்சும் குமாஸ்தாவும் சேந்து, செத்துப் பொறந்துச்சுன்னு அவகிட்டச் சொல்லிப்போட்டாங்க.”

வாசலில் கோமளா நொண்டி ஆடும் சத்தம் கேட்டது. நான் கதவைச் சாத்தினேன். அவள் கேட்டுவிடக் கூடாதென்றா, இவள் பார்த்துவிடக் கூடாதென்றா?

17 பிப்ரவரி

பொய்யாக இருக்கட்டும். பொய் சொல்லிப் பிழைப்பவள்தானே.

19 பிப்ரவரி, ஞாயிறு

வெங்கடலட்சுமி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு சிங்காநல்லூர் போனேன். விசாரித்ததில் அருள்செல்வி ஞாயிறுதோறும் காலைப் பூசைக்கு வருவாள் என்றார்கள். மாதா கோயில் வாசலில் நின்றேன். யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. கோமளாவுக்கு இருக்கும் அதே சேர்ந்த புருவம். தலையை ஒருபக்கம் சாய்த்துச் செருப்பைத் தேடும் விதம்.

பேசாமல் திரும்பியிருக்கலாம். மில்லில் வேலை கிடைக்குமா, தெரிந்த பெண்ணுக்கு, என்று ஏதோ உளறினேன். பொறுமையாகப் பதில் சொன்னாள். இருபத்தைந்து வயதுகூட இராது. குழந்தைகள் உண்டா என்று என் வாய் கேட்டுவிட்டது.

“ஒண்ணு பொறந்துச்சுங்க. மூச்சில்லைன்னாங்க. மொகத்தக்கூடக் காட்டலீங்க.” செருப்பில் காலை நுழைத்தாள். “ஆனா அழுத சத்தம் எனக்குக் கேட்டுச்சுங்கம்மா. மயக்கத்துல கேட்டிருப்பேன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க சொல்லுங்க, அப்படிக் கேக்குமுங்களா?”

எனக்குத் தெரியாது என்றேன்.

அப்படித்தான் சொன்னேன்.

20 பிப்ரவரி

கோமளாவுக்குக் காய்ச்சல் இல்லை. நான்தான் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

22 பிப்ரவரி, புதன்

அவர் ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்துவிட்டு வந்தார். கொஞ்ச நாள் குழந்தையோடு நெல்லூரில் நாத்தனார் வீட்டில் இரு, திங்கட்கிழமை ரயில் என்றார். சரி என்றேன். நிம்மதியாகிவிட்டார் பாவம், நான் சீக்கிரம் சம்மதிப்பவள் என்று அவருக்கு எப்போதும் ஒரு நம்பிக்கை.

ரயிலேறினால் கோமளா எனக்கே. யாரும் தேடப்போவதில்லை. தேட வேண்டியவளுக்குத் தேடத் தெரியாது. அவளுக்குக் கேட்ட அழுகையை மயக்கம் என்று நம்பவைத்துவிட்டார்கள். அதில் என் பங்கும் சேர்ந்துவிட்டது.

பயம் போகவில்லை. கோமளா அருள்செல்வியிடம் ஒட்டிக்கொண்டுவிட்டால்? இல்லை, என்னைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்க்கவே மறுத்து அழுதால் — அதை அந்தப் பெண் எப்படித் தாங்குவாள்?

குழந்தையின் ரோஜா நிறக் கவுனை நானே தேய்த்து வைத்தேன்.

“ரயிலுக்குங்களா?” என்றாள் வரலட்சுமி.

“ஆமாம்.”

ரயிலுக்கு அல்ல. அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசை முடியும் நேரத்துக்கு.